நாய் நின்ற பக்கத்தைத் திருப்பாத சனிக்கிழமைகள்

சனிக்கிழமை வரலாற்று வாசிப்பை மறுபடியும் தொடங்கப் போகிறார்களாம். அதற்கு ஒரு மலரும் போடுகிறார்களாம். போன கிழமை நூலகத்தில் வேலை செய்கிற இரண்டு இளம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். "ஐயா, அந்தக் காலத்தில நீங்கள்தானே எல்லாத்துக்கும் நிண்டனீங்கள். இனிமையான அனுபவம் ஒண்டு சொல்லுங்கோ" என்று கேட்டார்கள்.

இந்த முறை எப்படி நடத்தப் போகிறீர்கள் என்று கேட்டேன். வாசிப்புக்கு வரும் சின்னப் பிள்ளைகளை உள்ளே கதிரையில் இருத்தி, புத்தகத்தை வாசித்து, கடைசியில் கேள்வி கேட்டுப் பரிசு கொடுப்பார்களாம். தாய் தகப்பன் வெளி விறாந்தையில் இருப்பார்களாம். "அவை உள்ளுக்க வந்தா சத்தம் ஐயா" என்றது ஒரு பிள்ளை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்த இருவருக்கும் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். என்னிடம் இனிமையான அனுபவம் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன், போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு. எனக்கு எழுத வராது, மூன்றாம் வகுப்போடு நின்றவன். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். சில இடங்களில் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது என்கிறேன்.

நான் நூலகத்துக்கு வந்ததே தோள்பட்டையால். அதற்கு முன்பு துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். மா மூட்டை, சீமெந்து மூட்டை, சில நாட்களில் சீனி. சீனி மூட்டை தூக்கினால் எறும்பு வீடுவரை கூட வரும். அங்கேதான் எனக்குச் சிங்களம் வந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழே சரியாக வராதவனுக்கு மூட்டைக்கு அடியில் சிங்களம் வந்தது. ஒரு நாள் பலகை சரிந்து தோள் போயிற்று. பிறகு யாரோ ஒருவரின் சொல்லால் நூலகத்தில் சிற்றூழியனாகச் சேர்ந்தேன். கூட்டுவது, தூசு தட்டுவது, கதவு திறந்து பூட்டுவது, தேத்தண்ணீர் வைப்பது. வேலை பழகவென்று பெரிதாக ஒன்றுமில்லை. புத்தகத்தை முதுகில் பிடித்து இழுக்கக் கூடாது, பக்கத்துப் புத்தகங்களை உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லித் தந்தார்கள். அதை இன்றைக்கும் எவனும் செய்வதில்லை.

சண்டை ஓய்ந்து சில வருடங்களில் திலகம் மிஸ் எங்களுக்கு நூலகராக வந்தா. கொழும்பில் ஒரு அமைப்பு படப் புத்தகங்கள் கொடுத்தது. எங்கள் துறைமுகத்தின் வரலாறு, பெரிய பெரிய படங்கள், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகள். அதை வைத்துத்தான் மிஸ் சனிக்கிழமை வாசிப்பைத் தொடங்கினா.

மிஸ்ஸின் ஒழுங்கு வேறு மாதிரி. முதலாவது, கதிரை கிடையாது. பாய்தான். பிள்ளை தாயின் மடியில் அல்லது தகப்பனின் மடியில் இருக்க வேண்டும், தனியே பிரித்து இருத்தக் கூடாது. ஆம்பிளைகள் முதலில் கதவடியில் நின்றார்கள், நாங்கள் சும்மா கூட்டிக்கொண்டு வந்தோம் என்ற மாதிரி. மிஸ் சத்தம் போட மாட்டா. அவவின் குரலைக் கேட்க நாங்கள்தான் கிட்டப் போக வேண்டும். "கதிரை வேணுமெண்டா அலுமாரிக்குப் பின்னால இருக்கு, எடுங்கோ. ஆனா பிள்ளையும் உங்களோட அலுமாரிக்குப் பின்னாலதான் இருக்கும்" என்றா. எல்லோரும் பாயில் இருந்தார்கள்.

இரண்டாவது, பெரியவர்கள் பிள்ளையிடம் கேள்வி கேட்கக் கூடாது. பிள்ளைதான் கேட்கும். பிள்ளை கேட்டால் அந்த அறையில் இருக்கிற யாராவது ஒரு தாய் தகப்பன் பதில் சொல்ல வேண்டும். தனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் பக்கம் திருப்பப்படாது. புத்தகம் அந்தப் பக்கத்திலேயே மரத் தாங்கியில் கிழமை முழுக்க விரித்தபடி இருக்கும், அடுத்த சனிக்கிழமை அதிலிருந்துதான் தொடக்கம். நூலக ஆட்கள் வாய் திறக்கக் கூடாது. மிஸ்ஸும் பதில் சொல்ல மாட்டா, நானும் சொல்லக் கூடாது. விரித்த புத்தகத்தை மூடாமல் தூசு தட்டுவது என் வேலை.

என் மற்ற வேலை வாசலில். செருப்புகளை வரிசையாக வைத்துக் காவல் இருப்பேன். ஊர் மான்கள் வந்து செருப்பு வாரைச் சப்பும். நூலக முற்றத்துக்கு வரும் மானுக்கு வெட்கம் கிடையாது. ஒரு முறை ஒரு மான் ஒருவரின் சைக்கிள் கூடையில் இருந்த பேப்பரைத் தின்றுகொண்டு என்னையே பார்த்தது.

ஒரு சனிக்கிழமை ஒரு பொடியன் கேட்டான், கப்பலின் அடிப்பக்கம் தண்ணீருக்குள் இருக்கிறதே, அதற்கு எப்படிப் பெயின்ற் அடிக்கிறார்கள் என்று. ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கம் நின்றது. அடுத்த கிழமை ஒரு தாய், வெல்டிங் வேலை செய்யும் தன் புருஷனை இழுத்துக்கொண்டு வந்தா. அந்த மனிசன் கூச்சப்பட்டுக்கொண்டு, கப்பலைக் கரைக்கு இழுத்து ஏற்றுவதைக் கையால் காட்டினார். கப்பல் அடியில் ஒட்டியிருந்த சிப்பிக் கட்டி ஒன்றைச் பேப்பர்ச் சரையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் அதை மணந்து பார்த்தார்கள். "சீ, மீன் சந்தை" என்றது ஒன்று. மிஸ் பக்கத்தைத் திருப்பினா. அன்றைக்கு அந்த மனிசன் வெளியே போகும்போது அவர் மகன் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்படித்தான் நடந்தது. சந்தோஷமாகத்தான் நடந்தது. மகள், இதையும் எழுது. இனிமை கேட்டார்கள் அல்லவா, இவ்வளவுதான்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட காலம். 'குண்டுகள் விழுந்ததும் சனங்கள் வீடுகளை விட்டுத் தோணிகளில் ஏறிப் போனார்கள்' என்று எழுதியிருந்தது. படத்தில் தோணிகள், தலையில் மூட்டை வைத்த சனங்கள். கரையில் ஒரு நாய் நின்றது. படம் கீறியவன் சும்மா கீறியிருப்பான், இடம் வெறுமையாக இருக்கிறதே என்று.

துளசி என்று ஒரு சின்னப் பெண். ஆறு வயது இருக்கும். தகப்பன் யோகன், உப்புவெளியில் விடுதி ஒன்றில் தோட்ட வேலை. முந்தி கடல் தொழில், கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கத்துக் கரைக் கிராமம். கடைசிச் சண்டையில் எல்லாம் போய் இங்கே வந்த குடும்பம். தாய்க்குச் சனிக்கிழமையும் வேலை. தகப்பன்தான் மகளைச் சைக்கிளில் வைத்துக் கூட்டி வருவான். பின்னுக்கு இருக்கிற ஆள், அதிகம் கதைக்க மாட்டான்.

துளசி எழும்பிப் போய்ப் படத்தில் விரலை வைத்தது. "மிஸ், இவை போகேக்க நாயை என்ன செய்தவை?"

அந்த அறை எப்படி ஆனது என்று நான் சொல்ல வேண்டும். அதில் இருந்த குடும்பங்களில் எங்கேயாவது ஒரு முறை வீட்டை விட்டு ஓடாதது ஒன்றாவது இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. மூதூர் ஆக்கள், கிளிவெட்டி ஆக்கள், நகரத்து ஆக்கள், எல்லோரும் ஓடியவர்கள். பிள்ளை கேட்டது ஜப்பான்காரன் காலத்து நாயை. பெரியவர்கள் எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். யோகன் எழும்பி வெளியே வந்து, என்னைத் தாண்டி, சைக்கிளின் ரயரை அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றான். அதில் காற்று இருந்தது.

பக்கம் திருப்பப்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை மிஸ் அதே பக்கத்தை வாசித்தா. "துளசியின்ர கேள்வி இருக்கு. ஆராவது?" புத்தகம் அதே பக்கத்தில் தாங்கியில் நின்றது. அதற்கடுத்த கிழமை வந்த ஆட்கள் குறைந்தார்கள். செருப்பு வரிசையைப் பார்த்தாலே தெரியும். துளசி மட்டும் தவறாமல் வந்தது, தகப்பனை இழுத்துக்கொண்டு. வந்து, அந்த நாயைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

எங்களுக்கு மேலே ஒரு அதிகாரி இருந்தார். பெயர் வேண்டாம், சேர் என்போம். கதிரையில் இருக்கும் முன்பு கைலேஞ்சியால் அதைத் துடைப்பார், நான் துடைத்த கதிரையை. அவர் வந்து தாங்கியைப் பார்த்தார்.

"ஐசே, இது ஏன் ஒரே பக்கத்தில நிக்குது?"

"கேள்விக்குப் பதில் வரேல்ல, சேர்."

"என்ன கேள்வி?"

சொன்னேன். சிரித்தார். மிஸ்ஸைக் கூப்பிட்டார். புத்தகம் கொடுத்த அமைப்பிலிருந்து ஒரு நோனா பார்க்க வருகிறா, அதற்குள் இந்தப் புத்தகம் முடிந்திருக்க வேண்டும், கடைசிப் பக்கத்தை அவவுக்கு முன்னால் வாசித்துப் படம் எடுக்க வேண்டும், முடியாவிட்டால் இந்த வாசிப்பே தேவையில்லை, சனிக்கிழமை மண்டபத்தை வேறு வேலைக்கு விடலாம் என்றார். மிஸ் "ஓம் சேர்" என்றா. பக்கத்தை மட்டும் திருப்பவில்லை.

எனக்கு மிஸ்ஸின் மேலும் கோபம் வந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும். ஒரு சின்னப் பிள்ளையின் நாய்க் கதைக்காக இவ்வளவு குடும்பத்தின் சனிக்கிழமை போக வேண்டுமா? தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"மிஸ், ஒரு பொய்யைச் சொல்லித் திருப்பிவிடுங்கோ. பிள்ளை மறந்திடும்."

"எந்தப் பொய்யை, தம்பிராசாண்ணை?"

"நாய் பின்னால நீந்திப் போச்சுதெண்டு."

"சரி. நீங்களே துளசியிட்டச் சொல்லுங்கோ. அது முதல் கேக்கிறது, உங்களுக்கு எப்பிடித் தெரியுமெண்டு. அதுக்கும் ஒண்டைத் தெரிஞ்செடுத்து வையுங்கோ."

நான் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பால் தேத்தண்ணீர், அவ குடிக்கவும் இல்லை. அதையும் நான்தான் கொண்டுபோய் வெளியே ஊற்றினேன்.

நோனா வந்த சனிக்கிழமை ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சேர் தொலைபேசியில் எல்லோரையும் கூப்பிடச் சொல்லியிருந்தார், சிற்றுண்டியும் உண்டு என்று. நோனா நடுத்தர வயது, சிங்களப் பெண்மணி, தமிழ் தெரியாது. சேர் அவவை நேரே உள்ளே கூட்டிப் போனார், சப்பாத்தோடு. தாங்கியில் அதே பக்கம், அதே நாய்.

மிஸ் வாசித்தா. "துளசியின்ர கேள்வி இருக்கு" என்றா.

சேர் முன்னுக்கு வந்தார். சிரித்த முகம். "நான் சொல்லுறன் பிள்ளை. நாயையும் தோணியில ஏத்திக்கொண்டு போனவை. சரியோ? மிஸ், திருப்புங்கோ."

துளசி அவரை அண்ணாந்து பார்த்தது. "நீங்கள் பார்த்தனீங்களோ?"

பின்னுக்கு யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். சேர் "அது ஜப்பான்காரன் காலம், நான் பிறக்கேல்ல" என்றார்.

"அப்ப ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும்தானே."

அப்போதுதான் யோகன் எழும்பினான். எழும்பவில்லை, முழங்காலில் நின்றான், கை இரண்டையும் தொடையில் வைத்துக்கொண்டு. அவன் குரலை அந்த அறை கேட்டது அன்றைக்குத்தான்.

"இல்லை சேர். ஏத்தமாட்டினம். சனத்துக்கே இடமில்லை."

"ஐசே, இது வேற காலம்."

"எனக்கு என்ர காலத்து நாயைத்தான் தெரியும், சேர்."

பிறகு சேரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துச் சொன்னான். "வெருகல் ஆத்தடி மட்டும் எங்களோட நடந்து வந்தவன். ஜிம்மி. தோணிக்காரன் நாய் ஏலாது எண்டிட்டான். நாங்கள் ஏற அவன் பின்னால தண்ணிக்க பாய்ஞ்சான். ஆறு இழுக்குது. நான் இறங்கிப் போய்ப் பிடிச்சுக் கொண்டுவந்து மரத்தில கட்டினனான்."

"ஏன் கட்டினனீங்கள்?"

"கட்டாட்டிச் செத்திடுவான். ரெண்டு நாளில திரும்பி வந்திடலாமெண்டு நினைச்சனான், அம்மா."

"தண்ணி வைச்சனீங்களோ?"

"ஓம். சிரட்டையில வைச்சனான்."

துளசி கொஞ்சம் யோசித்தது. பிறகு சொன்னது, "சிரட்டை சின்னன் அப்பா."

யோகன் "ஓம்" என்றான். அவ்வளவுதான். தலை குனியவில்லை. பிள்ளை கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னான்.

அப்போது மூதூர்ப் பக்கத்து றம்ஸியா, கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த பெண், கேட்காமலே சொன்னா. "நாங்க நாய் வளக்கிறதில்ல. ஆடு ரெண்டு இரிந்திச்சி. கிளிவெட்டி வரையும் கூட வந்திச்சி. பொறகு நடக்க ஏலாமப் பெய்த்து. வாப்பா றோட்டோரம் இருத்திட்டு வந்த." அவவுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு தகப்பன், தங்கள் பூனை வர மறுத்ததைச் சொல்லத் தொடங்கினார்.

சேருக்கு முகம் கறுத்தது. "இது சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லுற கதையோ? இது சரித்திரமோ?"

"அப்ப என்னது சேர் இது?" என்று கேட்டா றம்ஸியா. நக்கலாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி.

இனித்தான் நான் சொல்ல வந்த இடம். நோனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் ஏதோ நடந்தது என்று தெரிந்தது. யோகனைக் காட்டி, அந்த மனிதர் என்ன சொன்னார் என்று சிங்களத்தில் கேட்டா. சேர் கண் இமைக்காமல் சிங்களத்தில் சொன்னார், புத்தகங்கள் தந்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறார், நோனா.

நோனா முகம் மலர்ந்து யோகனைப் பார்த்துக் கை கூப்பினா.

யோகன் விடுதியில் வேலை செய்பவன், அவனுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். சேர் சொன்னது அவனுக்கு விளங்கியது. நான் வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் கை கூப்பினான். மகள் பக்கத்தில் நிற்கிறது, முன்னால் ஒரு பெண் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறா, அந்த மனிசன் வேறு என்ன செய்வான்? கட்டிவிட்டு வந்ததைச் சொல்ல அவனுக்கு இத்தனை வருடம் எடுத்தது. அதை நன்றியாக்கி முடிக்கச் சேருக்கு ஒரு வசனம் போதும். இதை நான் இத்தனை காலமும் ஒருவருக்கும் சொல்லவில்லை. மகள் பேனையை வைத்துவிட்டாள். எடு, எழுது.

மிஸ் புத்தகத் தாங்கியை விட்டு இரண்டு அடி முன்னுக்கு வந்தா. அதே சின்னக் குரல். அன்றைக்கு எல்லோருக்கும் கேட்டது. சிங்களத்தில் சொன்னா, "இல்லை நோனா. அவர் நன்றி சொல்லவில்லை. ஊரை விட்டு ஓடும்போது தன் நாயைக் கட்டிவைத்துவிட்டு வந்ததை மகளுக்குச் சொன்னார். மகள் கேட்டது, அதனால் சொன்னார்."

சேர் லேஞ்சியை எடுத்தார், துடைக்க ஒன்றும் இல்லாமல் திரும்பப் பொக்கற்றில் வைத்தார். நோனா கூப்பிய கையைப் பிரித்தா. யோகனைப் பார்த்தா, பிறகு படத்தில் நின்ற நாயைப் பார்த்தா. குனிந்து சப்பாத்தைக் கழற்றினா. நான் போய் வாங்கி வெளியே செருப்பு வரிசையில் வைத்தேன்.

மிஸ் துளசியிடம் கேட்டா, "பிள்ளை, திருப்பலாமோ?"

"ஓம் மிஸ். திருப்புங்கோ."

திருப்பினா. அடுத்த பக்கத்தில் என்ன படம் இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

மாதம் முடிய முன்பு மிஸ்ஸை வேறு ஊருக்கு மாற்றினார்கள். காரணம் கேட்டதற்கு, வழமையான இடமாற்றம் என்றார்கள். வாசிப்பையும் நிறுத்தினார்கள், அதற்கு வேறு காரணம் சொன்னார்கள். பிள்ளைகளின் மனம் பாதிக்கப்படுகிறதாம். எந்தப் பிள்ளையின் மனம்? கேள்வி கேட்டுப் பதில் வாங்கிய பிள்ளையினதா? துளசி அன்றைக்குச் சிற்றுண்டியில் இரண்டு பற்றிஸ் தின்றுவிட்டு, தகப்பனின் சைக்கிளில் முன்னுக்கு ஏறி இருந்து போனது. அதுவரை பின்னுக்குத்தான் இருக்கும். பாதிக்கப்பட்டது யாரென்று எனக்குத் தெரியும். அவர் பிறகு பதவி உயர்ந்து போனார்.

கதவுத் திறப்புக் கோர்வையை என்னிடமிருந்து வெள்ளிக்கிழமையே வாங்கிவிட்டார்கள். நான் சனி காலையில் வழக்கம் போலப் போனேன், போகாமல் இருக்கத் தெரியவில்லை. அவர்களும் வந்திருந்தார்கள். யோகனும் துளசியும், றம்ஸியாவும் குழந்தையும், வெல்டிங் மனிசனின் குடும்பம், இன்னும் கொஞ்சப் பேர். கதவு பூட்டியிருந்தது. பாய் உள்ளே, புத்தகமும் உள்ளே. படியில் இருந்தார்கள். முதலில் நூலகத்தைப் பற்றிக் கதைத்தார்கள், பிறகு சேரை ஏசினார்கள், நானும் சேர்ந்து ஏசினேன். பிறகு வெல்டிங் மனிசனின் மகன் றம்ஸியாவிடம் கேட்டான், "நீங்கள் நடந்து வரேக்க ராவில எங்க படுத்தனீங்கள்?" றம்ஸியா சொன்னா. அவன் தகப்பனின் மடியில் இருந்தபடி கேட்டான். புத்தகம் இல்லாததால் திருப்ப ஒன்றும் இருக்கவில்லை, ஆனால் பதில் முடியும்வரை ஒருவரும் எழும்பவில்லை.

அப்படிச் சில சனிக்கிழமைகள் வந்தார்கள். பிறகு மாரி தொடங்கியது. அந்தப் படிக்குக் கூரை இல்லை. மழை விட்ட பிறகும் யாரும் வரவில்லை.

மழையை நான் குறை சொல்ல மாட்டேன். கதவைப் பூட்டியது மழை இல்லை.